அறம் பாடும் அப்டேட்

வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளார் என்றதும் பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு மூன்றாம் நந்திவர்மன் நினைவுக்கு வருவான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை இங்கே முறியடித்து, 'தெள்ளாறெறிந்த' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். வாளால் முடியாததைப் பாட்டால் முடித்தார்கள் என்பது அவனைப் பற்றிய கதை. நந்திக் கலம்பகத்தை, கேட்பவன் சாகும்படி அறம் வைத்துப் பாடினார்களாம். பாட்டுக்கு ஒரு பந்தல். பாட்டு முடிந்தால் அந்தப் பந்தல் எரியும். அரசன் அடுத்த பந்தலுக்கு நகர்ந்து அடுத்த பாட்டைக் கேட்பான். கடைசிப் பந்தல் சிதை. கேட்டால் சாவு என்று தெரிந்தே, தமிழ் ஆசையில் உட்கார்ந்து கேட்டான்.

நாமும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். 'புதிய அப்டேட் தயார்' என்று போன் பாடுகிறது. போன தடவை கேமரா போனது. அதற்கு முந்தின தடவை பேட்டரி போனது. இந்தத் தடவை எது போகும் என்று தெரியாது. ஏதோ ஒன்று போகும் என்று மட்டும் தெரியும். தெரிந்தே 'சரி' என்று தட்டுகிறோம். நந்திவர்மனுக்காவது நல்ல தமிழ் கிடைத்தது. நமக்குக் கிடைப்பது, 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன' என்ற ஒரே வரி. எந்தப் பிழை, யார் செய்த பிழை, அதுவரை அந்தப் பிழையோடு நாம் பட்ட பாடு என்ன, எதுவும் கிடையாது.

அப்டேட் வராத போன் பாவம். வந்த போன் அதைவிடப் பாவம்.

சாட்சி வேண்டுமா? ஷியோமியின் எம்.ஐ. ஏ3. 2019 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. தொடக்க விலை 12,999 ரூபாய். 'சுத்தமான ஆண்ட்ராய்டு, அப்டேட் முதலில் உங்களுக்கே' என்பதுதான் அதை வாங்கச் சொன்ன ஒரே காரணம். ஆண்ட்ராய்டு 10 வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. பிறகு 2020 டிசம்பர் கடைசியில் ஆண்ட்ராய்டு 11 வந்தது. புத்தாண்டுப் பரிசு. போட்டவர்களில் பலருடைய போன் அதோடு எழுந்திருக்கவில்லை. சார்ஜரில் போட்டாலும் கண் திறக்கவில்லை. கம்பெனி அப்டேட்டை நிறுத்தியது, வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றது. சர்வீஸ் சென்டருக்குப் போய்வரும் பஸ் காசும் அன்றைக்குப் போன கூலியும் அந்த இலவசத்தில் சேர்த்தி இல்லை.

இந்த 'சுத்தமான ஆண்ட்ராய்டு' கதை எங்கே தொடங்கியது? டெல்லியில், 2014 செப்டம்பர் 15 அன்று. மேடையில் சுந்தர் பிச்சை; மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம்ம வீட்டுப் பிள்ளை. ஆண்ட்ராய்டு ஒன் என்று திட்டத்துக்குப் பெயர். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்தியக் கம்பெனிகள், 6,399 ரூபாயில் தொடங்கும் போன்கள். விலை குறைந்த போனுக்கும் அப்டேட்டை கூகுளே நேராக அனுப்பும், இரண்டு ஆண்டுக்கு அனுப்பும் என்று சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். கைதட்டினோம். இன்றைக்கு வந்தவாசி பஜாரில் இறங்கி அந்த மூன்று பெயர்களில் ஒன்றையாவது ஷோகேஸில் தேடிப் பாருங்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு, பொறுப்பேற்கத்தான் இல்லை. கூகுள் 2015 ஆகஸ்ட் முதல் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அது நேராக உங்கள் போனுக்கு வராது. சிப் செய்த கம்பெனி பார்க்க வேண்டும். பிறகு போன் கம்பெனி பார்க்க வேண்டும். அது தன் மேல்பூச்சைப் பூசி, தன் விளம்பரங்களைச் சொருகி, நாடு நாடாகத் திறந்துவிடும். நடுவில் ஒருவர் 'இந்த சிப்புக்கு இனி நாங்கள் வேலை பார்ப்பதில்லை' என்று கைகழுவினால் கதை முடிந்தது. பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. ஃபைல் எப்போதும் இன்னொருவர் மேசையில் இருக்கும். கூகுளைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறது. கம்பெனியைக் கேட்டால் சிப் என்கிறது. சிப்புக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது.

முடியாத வேலையா இது? 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. அப்போது இந்திய விலை 75,999 ரூபாய். அடுத்த ஜனவரியில் சாம்சங்கும் தன் எஸ்24 வரிசைக்கு அதே ஏழு ஆண்டைச் சொன்னது. ஆக, முடியும். முக்கால் லட்சம் கொடுத்தால் முடியும். ஆண்டுக்கொரு போன் மாற்றும் சக்தி உள்ளவனுக்கு ஏழு ஆண்டு. ஒரே போனை ஏழு ஆண்டு வைத்துக்கொண்டே தீர வேண்டியவனுக்கு இரண்டு ஆண்டு. அந்த இரண்டும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் அறிமுகமான நாளிலிருந்து. பெருநகரத்தில் விற்று ஓய்ந்து, ஆஃபரில் தள்ளுபடியாகி, சின்ன ஊர்க் கடைக்கு அந்த மாடல் வந்து சேரும்போதே பாதி ஆயுள் தீர்ந்திருக்கும். தெள்ளாரில் பெட்டி பிரிப்பவர் புது போன் வாங்கவில்லை. மிச்ச ஆயுளை வாங்குகிறார். அதையும் இ.எம்.ஐ.யில் வாங்குகிறார். அப்டேட் நின்ற பிறகும் தவணை நிற்காது.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை மெகாபிக்சல் என்று இருக்கும். எத்தனை ஜி.பி. என்று இருக்கும். எந்த ஆண்டு எந்த மாதம் வரை அப்டேட் என்று இருக்காது. இரண்டு ரூபாய் மாத்திரைக்குக் காலாவதித் தேதி போடாவிட்டால் ஜெயில் என்கிற நாடு, பத்தாயிரம் ரூபாய் போனுக்கு அதைக் கேட்கவே இல்லை.

பச்சைக் கோட்டையும் சொல்ல வேண்டும். என் போனில் அப்டேட் போட்ட மறுநாள் மேலிருந்து கீழ்வரை நெட்டுக்குத்தாக ஒரு பச்சைக் கோடு நின்றது. சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் வாங்கிப் பார்த்தான்.

"கீழ விழுந்துதா சார்?"

"இல்ல தம்பி. அப்டேட் போட்டேன். வந்துச்சு."

"அப்டேட்டால வராது சார். டிஸ்ப்ளே மாத்தணும்."

விலை சொன்னான். அந்தக் காசுக்கு இன்னொரு போனே வாங்கிவிடலாம். அதையும் அவனே சொன்னான். எதிர்ச் சுவரில் புது மாடலின் விளம்பரம் ஒட்டியிருந்தது. பையன் மேல் கோபமில்லை. அவன் வாயில் போட்டு அனுப்பியது அந்த ஒரு வரி. கோபம் எழுதிக் கொடுத்தவர்கள் மேல். ஏனென்றால், 2023-லும் 2024-லும் இதே இந்தியாவில், இந்தப் பச்சைக் கோட்டுக்காக ஒன்பிளஸ் தன் சில பழைய மாடல்களின் திரைக்கு ஆயுள்கால வாரண்டி என்று அறிவித்தது. சாம்சங் சில உயர்விலை மாடல்களுக்கு ஒரு தடவை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. கீழே போட்டு உடைத்தவனுக்கு எந்தக் கம்பெனியும் ஆயுள்கால வாரண்டி தராது. குற்றம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். விலை கூடிய போனில் அது கம்பெனியின் குற்றம். விலை குறைந்த போனில் வாங்கினவன் குற்றம்.

இதுவரை சொன்னது கடைக்காரக் கணக்கு. பிடிக்காவிட்டால் பட்டன் போன் வைத்துக்கொள் என்று யாராவது அறிவுரை சொல்லக்கூடும். வைத்துக்கொள்ளலாம். சோறு கிடைக்காது.

தெள்ளார் ஊராட்சி ஒன்றியம் மாதிரியான இடத்தில் நூறு நாள் வேலை என்பது பலருக்கு அடுப்பு எரிவதற்கான வழி. 2023 ஜனவரி 1 முதல் அந்த வேலைக்கு வருகைப்பதிவு செயலியில்தான். காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. இடமும் நேரமும் சேர்ந்து பதிய வேண்டும். போன் யாருடையது? பணித்தளப் பொறுப்பாளர், ஊர் வாயில் 'மேட்', அந்த அக்காவுடையது. திட்டம் அரசுடையது, செயலி அரசுடையது, விதி அரசுடையது. உடைந்த கண்ணாடிக்கு மேல் செல்லோ டேப் ஒட்டிய போன் மட்டும் அக்காவுடையது.

ஏரிக்குள் வெயில் ஏறுகிறது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அக்கா போனைத் தலைக்கு மேல் தூக்கி, கரைமேல் ஏறி, இறங்கி, சிக்னலுக்குக் கும்பிடு போடுகிறாள்.

"ஆயா, துண்ட எடு. மூஞ்சி தெரியல."

"எடுத்தாச்சேம்மா. இன்னும் எம்மா நேரம்?"

"சுத்திக்கினே கீது ஆயா. நான் இன்னா பண்றது."

திரையில் வட்டம் சுற்றுகிறது. செயலியின் புதுப் பதிப்பைப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறது. போடப் போனால் இடமில்லை என்கிறது போன். அக்கா மகள் வளைகாப்பு வீடியோவை அழிக்கிறாள். பேரன் போட்டோக்களை அழிக்கிறாள். அழித்துவிட்டுப் புதுப் பதிப்பைப் போட்டால், அதைத் தாங்கும் ஆண்ட்ராய்டு இந்த போனில் இல்லை. அதைத் தர வேண்டிய கம்பெனி இந்த மாடலையே மறந்துவிட்டது. போட்டோ ஏறாவிட்டால் அன்றைய கூலி போச்சு. வெட்டிய மண் கண்ணெதிரே கிடக்கிறது. குழி அளந்து பார்க்கலாம். ஆனால் மண்ணுக்கு ஜி.பி.எஸ். கிடையாது.

2025–26-ல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் போன் என்பது முப்பது நாள் மண். அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கணக்கில் ஏறத்தாழ 1,525 ரூபாய், நாலரை நாள் மண், அரசுக்கே திரும்பிப் போகிறது. பழுது பார்த்தால் அந்தக் கூலிக்கும் 18 சதவீதம். அரசு சொன்ன வேலைக்கு, அரசு சொன்ன செயலியை ஓட்ட, அரசுக்கு வரி கட்டி போன் வாங்க வேண்டும். பிறகு அந்த போன் ஓடாவிட்டால் கூலி கிடையாது என்று அதே அரசு சொல்லும்.

இத்தனையும் ஊழலைத் தடுக்க என்றார்கள். தடுத்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். ஒரே படத்தைப் பல வருகைப் பட்டியலில் ஓட்டுகிறார்கள் என்று. ஆக, வெயிலில் நேரில் நின்ற ஆயாவின் முகத்தைச் செயலி ஏற்கவில்லை. காகிதத்தில் இருந்த ஆயாவை ஏற்றுக்கொண்டது. திருடனுக்கு வேகமான போன் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு அப்டேட் வந்தது. போனுக்கு இல்லை, திட்டத்துக்கு. காந்தி பெயர் போனது. 'விபி-ஜி ராம் ஜி' என்று புதுப் பெயர், நூறு நாள் என்பது 125 நாள். நாடாளுமன்றத்தில் சில நாட்களில் நிறுவி முடித்துவிட்டார்கள். எந்த இடத்திலும் வட்டம் சுற்றவில்லை.

அங்கன்வாடிக்கு வருவோம். போஷன் டிராக்கர் செயலியில் குழந்தையின் எடை, உயரம், வருகை எல்லாம் ஏற்ற வேண்டும். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களை அரசிடமே திருப்பிக் கொட்டினார்கள். 2 ஜி.பி. ராம், கைசுடும் சூடு, நடுவில் நின்றுபோகும் திரை. தமிழ்நாட்டிலும் அங்கன்வாடி சங்கங்கள் ஓடுகிற போன் கொடு, 5ஜி கொடு என்று தெருவில் உட்கார்ந்தன. அரசு கேட்டது. கேட்டுவிட்டு, 2025 ஜூலை முதல் முக அடையாளப் பதிவையும் அதே செயலியில் கட்டாயமாக்கியது. கர்ப்பிணி கேமரா முன்னால் நின்று கண்ணைச் சிமிட்ட வேண்டும். முகம் ஆதாரோடு பொருந்தினால் சத்துமாவு. பொருந்தாவிட்டால் நாளை வா. வயிற்றில் பிள்ளை இருப்பதை ஊரே பார்க்கிறது. போன் பார்க்கவில்லை என்றால் இல்லை.

இந்த லட்சணத்தில் அரசு நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. செர்ட்-இன் என்று ஒரு அமைப்பு 2004 முதல் இருக்கிறது. கணினிப் பாதுகாப்பு அதன் பொறுப்பு. ஆண்ட்ராய்டில் ஓட்டை, ஆபத்து உயர் நிலை என்று அவ்வப்போது அறிக்கை விடும். தீர்வு என்ன என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கும். கம்பெனி தரும் அப்டேட்டைப் போட்டுக்கொள்ளவும். கம்பெனி தராவிட்டால்? அறிக்கை அதற்கு முன்னால் முடிந்துவிடும். அந்த ஓட்டை வழியாகத்தான் யு.பி.ஐ. போகிறது, ஆதார் போகிறது, மகளிர் உரிமைத் தொகை வந்த செய்தி போகிறது. காசு காணாமல் போய்விட்டால், 'நீங்கள் ஏன் அப்டேட் போடவில்லை?' என்று அதே கூட்டம் கேட்கும்.

கம்பெனிகளை அரசால் என்ன செய்ய முடியும், பாவம், என்று இரக்கப்படுபவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2025 நவம்பர் 28. தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. இனி விற்கும் எல்லா போனிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலி இருக்க வேண்டும், 90 நாள் அவகாசம். ஏற்கெனவே தயாரித்து விற்பனைக்குப் போய்விட்ட போன்களுக்கு? அப்டேட் மூலம் அனுப்பு! பார்த்தீர்களா? அப்டேட் என்றால் என்னவென்று அரசுக்குத் தெரியும். கெடு வைக்கத் தெரியும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நாளில் உத்தரவு போடத் தெரியும். எதிர்ப்புக் கிளம்பியது, டிசம்பர் 3-ல் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். நம் போனுக்குள் அவர்கள் வருவதற்கு 90 நாள் கெடு. நம் போனின் ஓட்டையை அடைப்பதற்குக் கெடு எதுவும் கிடையாது.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அப்டேட்டால் போனை மந்தமாக்கினார்கள் என்று 2018 அக்டோபரில் இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் தீட்டியது. 2020-ல் பிரான்ஸ் ஆப்பிளிடம் இரண்டரைக் கோடி யூரோ வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு இயங்குதள அப்டேட், ஏழு ஆண்டு உதிரி பாகம். அதே கம்பெனிகள், அதே சிப், அதே ஆண்ட்ராய்டு. அங்கே சட்டம் போட்டதும் பொறியாளர்களுக்கு வழி தெரிந்துவிட்டது.

நாம் என்ன செய்தோம்? 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டோம். அந்த டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தோம். 2025 மே மாதத்தில் பழுதுபார்ப்புக்கு மதிப்பெண் தரலாம் என்று இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. குழுவுக்கு மட்டும் இந்த நாட்டில் தவறாமல் அடுத்த பதிப்பு வந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் ஒரு வீரமும் காட்டினோம். ஐ.ஓ.எஸ். 18 போட்டபின் ஐபோன் தடுமாறுகிறது என்று வந்த புகார்கள்மேல் ஆப்பிளுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது என்று அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நல்லது, போகட்டும். மேட் அக்காவின் போன் தடுமாறியபோது நோட்டீஸ் யாருக்குப் போனது? அவளுக்கு.

பணமில்லாமல் இல்லை. இந்தியாவில் போன் செய்யச் சொல்லி 2020-ல் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டத்தின் மதிப்பு சுமார் 41 ஆயிரம் கோடி ரூபாய். கூடுதலாக விற்றதில் நான்கிலிருந்து ஆறு சதவீதம் வரை கம்பெனிக்கே திருப்பிக் கொடுப்பது. எவ்வளவு முதலீடு, எவ்வளவு விற்பனை என்று நிபந்தனைகள் உண்டு. செய்த போனை இத்தனை ஆண்டு ஓடவைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் நின்றுகொண்டே போன் பூட்டிவிட்டு வருகிறார்கள். அவர்கள் அம்மா ஏரிக்குள் நின்றுகொண்டு போன் திறக்குமா என்று பார்க்கிறாள்.

புகார் கொடுக்கலாமே என்பார்கள். தாராளமாக. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற இணையதளமும் இருக்கிறது. வீட்டிலிருந்தே வழக்குப் போடலாம். பெயர், முகவரி, பில் நகல், எல்லாம் போட்டபின் உங்கள் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். வந்துவிடும், சந்தேகமில்லை. பச்சைக் கோடு நிற்கிற இடத்தில் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் நீங்களே யூகித்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவைதான் வாய்ப்பு.